முப்பத்தொன்பது தசம் எட்டு

உலக நாடுகளின் உச்ச வெப்பநிலைகளைத் தொகுத்திருக்கும் பட்டியல்களில் இலங்கைக்கு நேரே எங்கள் ஊரின் பெயர் இருக்கிறது. திருகோணமலை, 1890 மே மாதம், 39.8 பாகை செல்சியஸ். அந்தக் காலத்தில் பரனைற்றில்தான் அளந்தார்கள். அந்தக் கணக்கில் 103.6. நூற்று முப்பது வருடங்களைத் தாண்டியும் அந்த எண் அந்த இடத்திலேயே நிற்கிறது.

இந்த எண்ணை நான் முதலில் பார்த்தபோது எனக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. பிறந்து வளர்ந்த ஊர். இயற்கைத் துறைமுகத்தின் ஆழம், கோணேசர் கோயில், ஒல்லாந்தர் கோட்டை, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் போட்ட குண்டு, சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் என்று ஊரைப் பற்றி எத்தனையோ சொல்லித் தந்தார்கள். வெயிலைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தோலுக்குத் தெரிந்ததைப் பள்ளிக்கூடத்தில் எதற்குச் சொல்லித்தர வேண்டும் என்று விட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஒற்றை எண்ணைக் கண்ட பிறகு, எனக்குத் தெரிந்த வெயிலும் அந்த எண் சொல்லும் வெயிலும் ஒன்றுதானா என்ற கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியோடு நான் நடந்த நடை.

1890இல் இங்கே ரயில் இல்லை, மின்சாரம் இல்லை. கோட்டைக்குள் பிரித்தானியப் படை. உள்துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்துறை. வெளியே கிடுகும் ஓலையும் வேய்ந்த வீடுகள். அந்த மே நாளில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கற்பனை செய்யலாம். கற்பனையே தேவைப்படாத ஒன்றும் உண்டு. அன்று கச்சான் வீசியிருக்கும்.

வெளியூர் வாசகர்களுக்குக் கச்சானைச் சொல்லியாக வேண்டும். இலங்கைத் தமிழில் நிலக்கடலைக்கும் அதே பெயர். நான் சொல்வது காற்றை. தென்மேல் பருவக்காற்று வைகாசி தொடங்கி மேற்குக் கரையில் மழையாக இறங்குகிறது. ஈரம் சுமந்து வரும் அந்தக் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, மழையைக் கொட்டிவிடுகிறது. நுவரெலியாவையும் ஹற்றனையும் நனைத்துவிட்டு மலைமுகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமில்லை. காய்ந்த காற்று ஆயிரம் மீற்றர் கீழே இறங்கினால் ஏறக்குறைய பத்துப் பாகை சூடேறும். ஏறும்போது மழை பெய்தபடி ஏறியதால் அது இழந்த சூடு அவ்வளவு இல்லை. அந்த வித்தியாசம் முழுவதும் எங்கள் கணக்கில் சேர்கிறது. பிறகு வறண்ட சமவெளியின் மீது வந்து, சுட்ட மண்ணின் சூட்டையும் வாரிக்கொண்டு கரையை அடைகிறது. மேற்கே மழையாகப் பெய்த அதே காற்றுத்தான் கிழக்கே அனலாக வருகிறது. கொழும்பில் குடை பிடிக்கும் நாளில் திருகோணமலையில் கிணறு வற்றுவதற்கு இதுவே காரணம்.

அமெரிக்க வளிமண்டலவியல் சங்கத்தின் கலைச்சொல் தொகுதியில் கச்சான் என்ற சொல்லே இருக்கிறது. மட்டக்களப்பில் இந்தக் காற்று கடற்காற்றையே மீறி வீசி வெப்பநிலையை 38 பாகை அளவுக்கு உயர்த்தும் என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். எங்கள் மீனவரின் வாய்ச்சொல் உலக விஞ்ஞானத்தின் அகராதிக்குள் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருந்த சமூகம் இது. காற்றின் பெயரைச் சொன்னாலே எந்த மீன் வரும், வலை எந்தக் கரையில் இறங்கும், வள்ளத்தைக் கரையேற்ற வேண்டுமா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

கச்சான் அடிக்கும் நாளில் பகல் பத்து மணிக்கே தெரு வெறித்துப் போகும். கதவு நிலையைத் தொட்டால் சுடும். கொடியில் போட்ட சாரம் அரை மணியில் காய்ந்து விறைத்து நிற்கும். உதடு வெடிக்கும். கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல் இருக்கும். வேப்பமரம் காய்ந்த இலையைக் கூட்டக் கூட்ட உதிர்க்கும். அதே நேரம் கடல் அமைதியாக இருக்கும். காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் கரையோரத்து அலை படுத்துவிடும். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் உல்லாசப் பயணிகள் வருவது இந்த மாதங்களில்தான். அவர்கள் படம் எடுக்கிற அந்த நீலக் கண்ணாடிக் கடலும் எங்கள் வீட்டுக்குள் அடிக்கிற அனலும் ஒரே காற்றின் வேலை.

மற்ற நாட்களில் எங்களைக் காப்பாற்றுவது கடற்காற்று. மத்தியானத்துக்குச் சற்று முன்னோ பின்னோ கிழக்கிலிருந்து அது ஏறும். முதலில் கோணமலைப் பாறையில் மோதும். பிறகு ஒல்லாந்தர் குடாக்கரையில் தெரியும். கடைசியில்தான் நகரத்துக்குள் வரும். உடம்பில் வியர்வை குளிர்வதை வைத்தே அது வந்துவிட்டது என்று வீட்டுக்குள் இருப்பவர்கள் சொல்வார்கள். வெப்பமானி ஏறிக்கொண்டிருந்த ஏற்றம் அத்தோடு நிற்கும். கச்சான் பலமாக இருந்தால் இரண்டு காற்றுக்கும் நடுவே ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். சில நாள் கடற்காற்று பின்னேரம் நாலு மணிக்குத்தான் வெல்லும். சில நாள் வெல்லாது. 39.8 என்ற எண்ணை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். கடற்காற்று வராமலே போன ஒரு நாளின் எண் அது.

என் அக்காவின் மகள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறாள். தை மாதத்தில் அவளுடன் பேசும்போது வழமையாக ஒரு கேள்வி வரும்.

“மாமா, அங்க இண்டைக்கு எத்தினை?”

“இருபத்தாறு.”

“இங்க மைனஸ் இருபத்திரண்டு. இருபத்தாறில குளிருது எண்டு இனிச் சொல்லாதீங்க.”

அவளுக்காகத்தான் ஒருநாள் ரொறன்ரோவின் பழைய கணக்குகளைத் தேடினேன். அங்கே பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 1859 ஜனவரி 10ஆம் திகதி: உறைநிலைக்குக் கீழே 32.8 பாகை. இதை எதிர்பார்த்தே தேடினேன். எதிர்பாராதது மற்ற முனையில் இருந்தது. 1936 ஜூலையில் ரொறன்ரோ 40.6 பாகையைத் தொட்டிருக்கிறது. ஏரிகளுக்கு அப்பால், அமெரிக்காவின் மத்தியமேற்கில் இருக்கிற சிக்காகோவைப் பார்த்தேன். அங்கே ஆகக் கூடியது 1934 ஜூலையில் பதிவான 105 பரனைற், அதாவது அதே 40.6 பாகை. ஆகக் குறைந்தது 1985 ஜனவரி 20ஆம் திகதி, உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 33 பாகை. பனியில் மூழ்கும் இரண்டு நகரங்களும் திருகோணமலையை விடச் சூடான ஒரு நாளைக் கண்டிருக்கின்றன. நில நடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை தூரத்தில், சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் உச்சியில் நிற்கிற எங்கள் ஊர், உச்சத்தில் அவற்றுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

காரணம் விளங்காததல்ல. கண்டத்தின் நடுவில் கோடைப் பகல் பதினைந்து மணி நேரம் நீளும். மண் காய்ந்துவிட்டால் சூடு முழுவதும் காற்றுக்கே போகும். 1930களின் நடுப்பகுதியில் வட அமெரிக்கச் சமவெளி வறட்சியால் தூளாகிப் பறந்த காலம். எங்களுக்கோ மூன்று பக்கம் கடல். கடல் ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. ஆனி மாத இரவின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 26 பாகையை ஒட்டி இருக்கும். தை மாதத்தில் 24ஐ ஒட்டி. ஆண்டு முழுவதற்கும் இரவுகளுக்கிடையே அவ்வளவுதான் இறக்கம். சிக்காகோவின் இரண்டு முனைகளுக்கும் நடுவே எழுபதுக்கும் மேற்பட்ட பாகைகள் கிடக்கின்றன.

அதே சிக்காகோவில் 1995 ஜூலை நடுவில் வந்த வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் வயதானவர்கள், தனித்து இருந்தவர்கள், மாடிக் கட்டடங்களின் மேல்தளங்களில் கள்ளருக்குப் பயந்து யன்னலைச் சாத்தி வைத்திருந்தவர்கள். எரிக் கிளினன்பர்க் என்ற சமூகவியலாளர் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தனிமையும் வறுமையும் வெப்பத்தோடு சேர்ந்து கொன்றதை அவர் தெரு தெருவாகக் காட்டினார். அந்த நாட்களில் சிக்காகோவின் இரவுகள் 27 பாகையை ஒட்டியே நின்றன. எங்கள் ஆனி மாத இரவு அது. நாங்கள் சாகாத இரவில் அவர்கள் செத்திருக்கிறார்கள். எண் ஒன்று, அந்த எண்ணுக்குள் வாழப் பழகிய உடம்பும் வீடும் அயலும் வேறு. திண்ணையில் பாய் போட்டுப் படுக்கிறவருக்கும் மூடிய அறைக்குள் தனியே கிடக்கிறவருக்கும் 27 பாகை ஒரே பாகை அல்ல.

சாதனை எண் எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வளிமண்டலவியல் நிலையத்தின் முற்றத்தில், நெஞ்சளவு உயரத்தில், நாலு கால்களில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். பக்கங்களில் காற்றுப் போகச் சாய்பலகைகள். நாவலாசிரியர் ஸ்டீவன்சனின் தகப்பனார், வெளிச்சவீடுகள் கட்டிய பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. அதற்குள் படுத்திருக்கும் இரண்டு வெப்பமானிகளில் ஒன்று உச்சத்துக்கு. அதில் குமிழுக்கு மேலே ஒரு நெருக்கம் இருப்பதால் ஏறிய இரசம் தானாக இறங்காது. மற்றது குறைந்தபட்சத்துக்கு, மதுசாரத்துக்குள் மிதக்கும் ஒரு சிறு கம்பியை அது பின்னால் இழுத்துச் சென்று, போன இடத்தில் விட்டுவிட்டு வரும். எண்ணை எழுதிய பிறகு அவதானிப்பவர் ஒன்றை உதறுவார், மற்றதைச் சரிப்பார். நேற்றைய நாள் கருவியிலிருந்து அழிந்துவிடும். புத்தகத்தில் மட்டும் இருக்கும். ஒருவர் நாள் தவறாமல், காய்ச்சல் என்றும் மழை என்றும் பாராமல் வந்து எழுதினால்தான் நூறு வருடத்துக்குப் பிறகு சாதனை என்று சொல்ல ஏதாவது கிடைக்கும். இந்த வேலைக்கு நாங்கள் ஒருநாளும் உரிய மரியாதை கொடுத்ததில்லை.

எழுதுகிறவர் பிழைவிட்டாலும் அதுவும் நிற்கும். லிபியாவின் எல் அசீசியாவில் 1922இல் பதிந்த 58 பாகையைத் தொண்ணூறு வருடம் உலகச் சாதனை என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்லின. 2012இல் உலக வானிலை அமைப்பு அதைத் தள்ளுபடி செய்தது. பழக்கமில்லாத ஒருவர் கருவியின் தவறான முனையைப் பார்த்து எழுதியிருக்கலாம், ஏழு பாகை வரை கூடியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். இப்போது கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10ஆம் திகதி பதிந்த 56.7 பாகை முதலிடத்தில் நிற்கிறது. அதையும் சந்தேகிக்கிறவர்கள் உண்டு. இப்படிப் பார்த்தால் 1890இன் திருகோணமலை எண்ணையும் கேள்வி கேட்கலாம். நான் கேட்டுப் பார்த்தேன். கச்சான் நாள் முழுவதும் விடாமல் அடித்து, கடற்காற்று ஏறாமல் போனால் நாற்பதுக்குப் பக்கத்தில் போவதற்கு இந்த ஊரில் தடையில்லை. அந்த எண்ணை நம்புகிறேன்.

நம்புகிறேன் என்றாலும், அந்த எண் என் ஊரின் உச்ச வெப்பம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது நிழலில், காற்றோட்டத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் இருந்த ஒரு கருவியின் வெப்பம். மனிதர் இருந்த இடங்களில் யாரும் அளக்கவில்லை.

2006 சித்திரையில் போரால் சம்பூரிலிருந்து துரத்தப்பட்ட சனங்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் இருந்த தகரக் கொட்டில்களில் ஏறத்தாழ ஒன்பது வருடம் இருந்தார்கள். 2015க்குப் பிறகே காணிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். ஒன்பது கச்சான் காலம். கொட்டிலுக்குக் கூரையும் தகரம், சுவரும் தகரம். நண்பகலில் உள்ளே போனவர்களுக்கு அது தெரியும், நான் போயிருக்கிறேன். தகரம் மேலிருந்து மட்டும் சுடுவதில்லை. நாலு பக்கத்தாலும் உடம்பைப் பார்த்துச் சூட்டை வீசும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மர நிழல் மர நிழலாக நகர்ந்தபடி தாய்மார் பகலைக் கழித்தார்கள். நிழல் போகும் திசையில் பாயும் போகும். பிறகு இருட்டில் கொட்டிலுக்குத் திரும்புவார்கள். அந்தக் கொட்டில்களுக்குள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தால் 39.8 ஒரு சாதாரண எண்ணாகப் போயிருக்கும். இலங்கையின் உண்மையான உச்ச வெப்பநிலை எந்தப் புத்தகத்திலும் ஏறாமல் அங்கே, அந்த மனிதர்களின் தோலில் பதிந்தது. இதை நான் ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் பாட்டன்மார் வேய்ந்த கிடுகுக் கூரை சூட்டை உள்ளே விடாது. மண்சுவரும் சாணி மெழுகிய தரையும் வேம்பு நிற்கும் முற்றமும் கிணற்றடி வாழையும் சேர்ந்து ஒரு வீட்டுக்கு ஐந்தாறு பாகை குறைத்துக் கொடுத்தன என்றே என் உடம்பு சொல்கிறது. கிடுகு தீப்பிடிக்கும், இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டும், இப்போது வேயவும் ஆளில்லை. சீட்டுக் கூரைக்கும் கொங்கிறீற்றுக்கும் போனதில் சனத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வீடு கட்டித் தந்த திட்டங்கள் எல்லாம் கொழும்பின் மழையை நினைத்துப் படம் வரைந்தன. கச்சானை நினைத்து வரைந்த ஒரு வீட்டுத்திட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

வெப்பத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. கச்சான் காய்ந்த காற்று. வியர்வை வந்தவுடன் காய்ந்துவிடும். காய்கிற வியர்வை உடம்பைக் குளிர்விக்கும். தண்ணீர் குடித்துக்கொண்டு நிழலில் இருந்தால் 38 பாகைக் கச்சானைத் தாங்கலாம். வயலிலும் வீதி வேலையிலும் நிற்கிறவர்தான் ஏமாறுவார், வியர்வை கண்ணுக்குத் தெரியாததால் உடம்பு வற்றுவதும் தெரியாது. சித்திரையில் காற்று அடங்கி, கடலின் ஈரம் ஊர்மீது படுத்திருக்கும்போது வெப்பமானி 34ஐத்தான் காட்டும். அந்த 34 கச்சானின் 38ஐ விடக் கொடியது. வியர்வை வழிந்துகொண்டே இருக்கும், காயாது. விஞ்ஞானிகள் இதை ஈரக்குமிழ் வெப்பமானியால் அளக்கிறார்கள். ஈரத்துணி சுற்றிய குமிழ் 35 பாகையைத் தாண்டினால் ஆரோக்கியமான மனிதனும் நிழலில் சும்மா இருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டான் என்பது கணக்கு. அதற்குக் கீழேயே உடம்பு தோற்கத் தொடங்குகிறது என்று அண்மைய பரிசோதனைகள் சொல்கின்றன. இப்போதெல்லாம் வளிமண்டலவியல் திணைக்களம் வெயில் காலத்தில் மனித உடலால் உணரப்படும் வெப்பம் என்று தனியே ஒரு எச்சரிக்கை விடுகிறது. நல்ல காரியம். கிழக்கு மாகாணத்தின் பெயர் அதில் அடிக்கடி வரும்.

தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு ஒரு இடம் உண்டு. நகரத்திலிருந்து அனுராதபுரப் பாதையில் போனால் கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக ஏழு இடத்தில் குத்த நீர் பீறிட்டது என்பது கதை. இன்றும் அந்தியேட்டிக்கும் ஆடி அமாவாசைக்கும் கன்னியா என்றுதான் எங்கள் வீடுகளில் பேச்சு. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு சூடு. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் கைவைத்தாலே வித்தியாசம் தெரியும். சின்ன வயதில், ஆகச் சூடான கிணற்று நீரை முதல் வாளியிலேயே தலையில் ஊற்றுகிறவனைத்தான் நாங்கள் வீரனாக மதித்தோம். அந்தக் கிணறுகளின் சூடு நாற்பது பாகையைச் சுற்றித்தான். அதாவது 1890இன் அந்த மே நாளில் ஊர் முழுவதும் கன்னியாவின் நீரளவு சூட்டுக்குள் நின்றிருக்கிறது.

இனி மற்ற முனை.

திருகோணமலையின் குளிரை யாரும் தேடுவதில்லை. நுவரெலியாவில் உறைபனி படியும். புல்லில் வெள்ளை பூத்த படங்கள் பத்திரிகையில் வரும். எங்கள் ஊரின் குறைந்தபட்ச எண்ணை ரொறன்ரோக்காரர் பார்த்தால் கோடைகாலம் என்றுதான் நினைப்பார். ஐப்பசி தொடங்கி மழை, மார்கழியில் வாடை. வடகீழ்ப் பருவக்காற்று வங்கக்கடலின் ஈரத்தோடு நேரே எங்கள் மேல் வரும். போர்வையைத் தேடுவோம், இஞ்சி போட்டுத் தேநீர் குடிப்போம், கிழவர்கள் காதைச் சுற்றித் துவாய் கட்டுவார்கள். இதைச் சாதனை என்று எவரும் பதிய மாட்டார்கள்.

2022 டிசம்பரில், மண்டோஸ் சூறாவளி வங்கக்கடலில் எங்கள் கரையைத் தள்ளி வடமேற்காக நகர்ந்துகொண்டிருந்தது. 9ஆம் திகதி இரவு அது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. எங்களைத் தாக்கவில்லை என்று ஆறுதலாக இருந்தோம். ஆனால் அதன் சுழற்சி வடக்கேயிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துக்கொண்டு வந்து வடக்கு கிழக்கின் மீது விட்டது. அழுக்குப் படிந்த காற்று. அதனால் நாட்டின் அரசாங்கப் பாடசாலைகளை 9ஆம் திகதி மூடினார்கள். மழை, காற்று, குளிர், மூன்றும் விடாமல். இரண்டு மூன்று நாளில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களில் மாடுகளும் ஆடுகளும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தன. ஆயிரத்துக்கும் மேல். நோயோ என்று முதலில் பயந்தார்கள். இறைச்சியை மாகாணத்துக்கு மாகாணம் கொண்டுபோவதைத் தடைசெய்தார்கள். குளிர் அதிர்ச்சி என்று கால்நடை வைத்தியர்கள் முடிவு சொன்னார்கள்.

அன்று எந்த வெப்பமானியும் உறைநிலையின் அயலுக்குக்கூடப் போகவில்லை. ஸ்காபரோவில் யாக்கெற்றைக் கழற்றும் அளவு குளிர். அந்தக் குளிரில் ஆயிரம் உயிர் போனது.

ஏன் என்று பட்டிக்காரரைக் கேட்டால் சொல்வார்கள். மார்கழியில் வயலெல்லாம் பெரும்போகப் பயிர். பயிருக்குள் மாடு இறங்கக் கூடாதென்று பட்டிகளைக் காட்டோரத்துக்கும் மேட்டு நிலத்துக்கும் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே கூரை கிடையாது. முன்பிருந்த மேய்ச்சல்தரைகள் சுருங்கிவிட்டன. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் தெருவில் உட்கார வேண்டி வந்தது. புல் குறைந்து மெலிந்த மாடு, வெயிலுக்கென்றே பழகிய மெல்லிய தோல், நாள் முழுவதும் நனைந்த மயிர், அதன் மேல் காற்று. ஈரமான உடம்பிலிருந்து காற்று சூட்டை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கன்றுகளும் கிழடுகளும் முதலில் விழுந்தன. பால் கொடுக்கிற மாடே சீவியம் என்றிருந்த குடும்பங்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றன. வாழ்நாளில் இப்படிக் கண்டதில்லை என்று வயதான பட்டிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் மாடுகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார், எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

அவர் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த இரவு நெடுநல்வாடையை எடுத்துப் பார்த்தேன். பத்துப்பாட்டில் நக்கீரர் பாடியது. அரண்மனைக்குள் தலைவி தவிப்பதும் பாசறையில் அரசன் உலவுவதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். பாட்டின் தொடக்கம் எனக்கு மறந்திருந்தது. பெருமழை, வெள்ளம் வரும் தாழ்நிலத்தை விட்டுக் கோவலர் ஆநிரையை மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், நெருப்பில் கைகாய்ச்சி நடுங்குகிறார்கள். விலங்கு மேய்ச்சலை மறக்கிறது. குரங்கு குறுகுகிறது. பறவை நிலத்தில் விழுகிறது. பால் குடிக்க வந்த கன்றைத் தாய்ப்பசு உதைத்துத் தள்ளுகிறது. பள்ளியில் இதை இயற்கை வருணனை என்று சொல்லித் தந்தார்கள். வருணனை அல்ல, அவதானிப்பு. வெப்பமானி பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்னால், தமிழில் ஒருவர் குளிரின் அளவை விலங்குகளின் உடம்பை வைத்துப் பதிந்திருக்கிறார். கன்றைப் பசு உதைக்கிறது என்றால் எத்தனை பாகை குளிர் என்று மாடு வளர்த்தவனுக்குத் தெரியும்.

எண்களை நான் மறுக்கவில்லை. 1890இல் எழுதிய அந்த எண் இல்லாவிட்டால் இன்றைய வெயிலை எதனோடு ஒப்பிடுவது? உலகம் சூடேறிக்கொண்டிருக்கும்போது பழைய பதிவேடுகள்தான் சாட்சி. என் முறைப்பாடு வேறு. உச்ச நாளுக்கும் தாழ்ந்த நாளுக்கும் மட்டும் இடம் கொடுத்துவிட்டு, இறங்காத இரவையும், ஈரத்தையும், காற்றின் திசையையும், கூரையின் தகரத்தையும் கணக்கில் எடுக்காமல் விடுவது பிழையான கணக்கு. கிழக்கில் இரண்டு முறையும் நடந்தது அதுதான். தகரக் கொட்டில்களின் வெப்பம் அளக்கப்படவே இல்லை. மாடுகள் செத்த குளிர் அளக்கப்பட்டும் எச்சரிக்கையாக மாறவில்லை. சூறாவளி விலகிப் போகிறது என்ற செய்தி வந்தது. விலகிப் போகும்போது என்ன விட்டுவிட்டுப் போகும் என்ற செய்தி பட்டிகளுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆகவே ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். திருகோணமலை மாவட்டத்தில் பட்டி வைத்திருப்பவர்களைத் தெரிந்தவர்கள் இதை அவர்களிடம் சொல்லுங்கள், முடிந்தால் நாலு கம்பும் ஒரு தறப்பாளும் வாங்கிக் கொடுங்கள். காட்டோரப் பட்டியில் தண்ணீர் நிற்காத மேட்டில் ஒரு கொட்டில் போட வேண்டும். வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகாலோ தறப்பாளாலோ நிலம் வரைக்கும் மறைக்க வேண்டும், வாடை அங்கிருந்துதான் வரும். உள்ளே காய்ந்த வைக்கோல் கிடக்க வேண்டும். அசைபோடுகிற மாட்டுக்கு உள்ளேயிருந்து சூடு பிறக்கும். கன்றுகளை நடுவில் விடுங்கள்.